சுவரில் ஏறிய கரி

குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடித்தால் எப்படி எடுப்பது என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நன்றாகவே சொல்வேன். பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பிவிட வேண்டும். ஜன்னலையும் கதவையும் திறந்து போட வேண்டும். மூக்குக்கு மாஸ்க், கைக்கு உறை. சுவரை நனைத்துக்கொண்ட பிறகுதான் தேய்க்க வேண்டும். காய்ந்த பூஞ்சையைச் சுரண்டினால் அது பொடியாகப் பறந்து நம் நெஞ்சுக்குள் குடியேறிவிடும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் போகாத ஒரு பூஞ்சையோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். அது யாருடைய அழுக்கு என்பதுதான் அந்த வீட்டில் எங்களுக்கு நடந்த வழக்கே.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் என் கணவர் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்கிறார். நான் வேறொரு கம்பெனியில் பேக்கிங். இரண்டு பேருக்கும் ஷிப்ட் என்பதால் பக்கத்திலேயே வீடு வேண்டியிருந்தது. வீடு தேடிப் போனால் வாடகையைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். முதலில் எந்த ஊர் என்பார்கள். சொன்னால், "ஊர்லயா, காலனியா?" என்பார்கள். நாங்கள் உண்மையைச் சொல்லிவிடுவோம். பொய் சொன்னாலும் ஜெபம் பண்ண பாஸ்டர் வந்து நிற்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். பதிலைக் கேட்டதும் அவர்களுக்குச் சொந்தக்காரர் யாராவது அந்த வீட்டுக்கு வர இருப்பது ஞாபகம் வந்துவிடும்.

அந்தப் பூஞ்சை வீட்டுக்காரம்மாவும் கேட்டார். பதிலைக் கேட்டும் சாவியைக் கொடுத்தார். நிலத்தில் பாதியைக் கம்பெனிக்கு விற்று, மாடி வீடு கட்டி, மேலே தாங்கள் இருந்துகொண்டு கீழே வாடகைக்கு விட்ட குடும்பம். மீதி நிலத்தில் இன்னமும் நெல் போடுகிறார்கள். நல்ல மனசு என்று நினைத்தேன். கீழ்வீடு ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது என்பதும், அவர்கள் ஆட்கள் யாரும் அதில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டியதில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் போகும்போது குளியலறைக்கு வெளிர்நீலத்தில் புதுப் பெயிண்ட். ஐப்பசி மழை பிடித்ததும் மேல்மூலையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் அவை ஒன்றாகச் சேர்ந்து குழாய் வரைக்கும் இறங்கின. அதே நேரத்தில் என் மகளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, படுத்தால் மூச்சு விசிலடிக்கும். உட்கார்த்தி வைத்துத்தான் தூங்கச் செய்தோம். ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடிக்க வைத்துவிட்டு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா என்பது. அதை எடுக்காமல் எத்தனை மருந்து கொடுத்தாலும் வீண் என்றார்.

வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசற்படியோடு நின்றுகொண்டார். எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அங்கிருந்தே எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"இது பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்பெனி கரி. உன் ஊட்டுக்காரரு ஒடம்புல ஒட்டிக்கினு வர்ற கரி, குளிச்சா எங்க போவும்? சுவத்துலதான் ஏறும். புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடுத்த ஊடு, எப்டி வச்சுகினு கீறீங்க பாரு. உங்க ஆளுங்களுக்கு வுட்டா இதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து டிபன் பையோடு என் பின்னால் வந்து நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் வெளியே காம்பவுண்டு ஓரத்துக் குழாயில் குளிக்க ஆரம்பித்தார், கொட்டுகிற மழையில். "பாப்பாவுக்கு இழுக்குதுல்ல, என்னால இன்னாத்துக்கு," என்றார். சுவரில் பிடிப்பது கரி இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "இப்பனாச்சும் புத்தி வந்துதே," என்று சொன்னது எனக்குக் கேட்டது. குழாயடியில் நின்ற கணவருக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கணவரையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு நான் சுத்தம் பண்ண வந்தேன். மாடிப்படியின் கடைசிப் படியில் ஓர் ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பவுடரும் இருந்தன. கையில் கொடுத்தால் கை பட்டுவிடும் என்பதால் எங்களுக்கு எல்லாமே அந்தப் படியில்தான் வைக்கப்படும். மேலே இருந்து குரல் வந்தது.

"ரெண்டையும் கலந்து ஊத்திட்டு, கதவ நல்லா சாத்திகினு தேய். நாத்தம் மேல வரக்கூடாது."

எங்கள் கம்பெனியில் கெமிக்கல் வைத்திருக்கும் அறைக் கதவிலேயே இதைத்தான் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் கிளம்புகிற புகை நெஞ்சை வேகவைத்துவிடும். கதவையும் சாத்திக்கொண்டால் தேய்க்கப் போனவளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். என்னைக் கொல்லப் பார்க்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தெரியாமல்தான் என்று முடிவு செய்தேன். கொல்வதற்காவது ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

இரண்டையும் படியிலேயே விட்டுவிட்டேன். கதவைத் திறந்து போட்டு, மாஸ்க் கட்டி, பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பெயிண்ட் உரியாமல் ஸ்பாஞ்சால் மெதுவாகத் தேய்த்தேன். தேய்த்த ஸ்பாஞ்சைக் கவரில் கட்டி அப்போதே குப்பையில் போட்டேன். டேபிள் பேனை வாசலில் வைத்துச் சுவரைக் காயவிட்டேன். நீலம் பளிச்சென்று திரும்பி வந்தது. அந்த வாரம் என் மகள் படுத்துத் தூங்கினாள்.

அடுத்த வாரம் அதே மூலையில் கறுப்பு வந்தது. இப்போது என் கணவர் உள்ளே குளிப்பதே இல்லை. அப்படியானால் இது யாருடைய கரி? அதுவரை நான் சுவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன். மேல்வீட்டுக் குளியலறையின் பைப் எங்கள் கூரையைத் துளைத்து இறங்குகிற இடத்தைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. எனக்கு இரண்டாவது ஷிப்ட். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள் நிறம். முகர்ந்து பார்த்தேன். மஞ்சளும் சீயக்காயும். எங்கள் வீட்டில் யாரும் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதில்லை. மேலே வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக்காரம்மா மஞ்சள் பூசித் தலைக்குக் குளிப்பார். கொஞ்ச நேரத்தில் பூஜை மணிச் சத்தம் கேட்கும். அன்றும் கேட்டது. என் கை படக்கூடாதென்று படியில் சாமான் வைக்கிறவர் குளித்த தண்ணீர் இத்தனை நாளும் எங்கள் தலையில்தான் சொட்டியிருக்கிறது. எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம், கொடூரமான சந்தோஷம்.

"அம்மா, கொஞ்சம் கீழ வாங்க," என்று கூப்பிட்டேன்.

ஈரத் தலையில் துண்டும், முகமெல்லாம் புது மஞ்சளுமாக வந்து வாசற்படியில் நின்றார். நான் கூரையைக் காட்டினேன். பைப்பைச் சுற்றி மஞ்சள் வளையம். அடுத்த சொட்டு அவர் பார்க்கப் பார்க்கவே விழுந்தது.

"எங்க ஊட்டுக்காரரு மஞ்ச பூசறதில்லமா," என்றேன்.

அந்தம்மா முட்டாள் இல்லை. என்னைவிடச் சீக்கிரமாகவே அவருக்குப் புரிந்துவிட்டது. கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை எடுத்து மறுபடியும் மூக்கை மூடிக்கொண்டார்.

"என் பொண்ணு குடும்பத்தோட வர்றா. ஊடு வேணும். பொங்கலுக்குள்ள காலி பண்ணிடுங்க."

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும் கணவர் என்னைத்தான் திட்டினார். "வாய வச்சுகினு சும்மா இருக்க மாட்டியா? பைப்ப பாக்க சொல்லி நல்லபடியா கேட்டிருக்கலாம்ல."

"நல்லபடியா கேட்டா மட்டும் பாத்துடுவாங்களா?" என்றேன்.

காலி பண்ணுவதற்கு முன்பு அந்தச் சுவரை இன்னொரு முறை தேய்த்தேன். எங்களைப் பற்றி அந்த வாயில் இன்னொரு வார்த்தை வரக்கூடாது என்ற வீம்பு.

விட்டுவிட்டு வந்த கேஸ் ரெகுலேட்டரை எடுக்கப் பொங்கல் கழிந்து போனேன். குடி வந்திருந்தது மகள் இல்லை. அவர்கள் ஆட்களில் வேறொரு குடும்பம். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. யாரோ அனுப்பிச் சாமான் வாங்கிப்போக வந்தவள் என்று நினைத்துக்கொண்டு அன்பாகப் பேசினாள்.

"ஊட்டுக்காரம்மா ரொம்ப நல்ல மாதிரிக்கா. கொழந்த கீது, ஈரம் ஆவாதுன்னு நாங்க வர்றதுக்கு முன்னாடியே மேல தரைய இடிச்சு, பைப்ப மாத்தி வச்சிருக்காங்க. முன்ன இருந்தவங்க சுவரெல்லாம் கரி பண்ணிட்டுப் போய்ட்டாங்களாம். அதையும் ஆளு வச்சு தேச்சு எடுத்திருக்காங்க. இப்ப வந்து பாருங்க, ஒரு புள்ளி கிடையாது."

கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு புள்ளியாவது இருந்துவிடாதா என்று நான் மூலை மூலையாகத் தேடினேன். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சுவர் சுத்தமாக இருந்தது. நான் தேய்த்த சுவர்.

இப்போது நாங்கள் இருப்பது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஷீட் போட்ட வீடு. மாடி கிடையாது, தலைக்கு மேல் யாரும் இல்லை. குளியலறை சிறியதுதான், ஆனால் காய்ந்த சுவர். மகளுக்கு இழுப்பு வருவதில்லை. ரெகுலேட்டரோடு நான் திரும்பி வந்தபோது கணவர் வாசல் குழாயடியில், பனியில் நின்று குளித்துக்கொண்டிருந்தார். குடி வந்த நாளிலிருந்து அப்படித்தான். பைப்பை மாற்றிவிட்டார்களாம், எல்லாம் அந்தம்மா தண்ணீர்தான் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"அதான் அப்பவே தெரியுமே," என்றார்.

"அப்ப உள்ள போயி குளிங்களேன்."

அவர் கையில் சோப்புப் போட்டு, கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும். இந்தச் சுவரையாவது நல்லா வச்சிருப்போம்," என்றார்.