கரடி வளைவுக்கு ஒரு சுற்றுவழி

நார்வேயில் லீஸ்டால் ஊரின் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பார்க்க வருகிறவர்கள் குட்வெய்க்கிடம் வழி வாங்காமல் காட்டுக்குள் போவதில்லை. ஆளுக்கு ஒரு பாதை வரைந்து கொடுப்பாள். முட்டிவலிக்காரருக்கு ஏற்றம் இல்லாமல். கைக்குழந்தையோடு வருகிறவளுக்குத் தொத்திறைச்சி சுடும் நெருப்பை ஒட்டி. ஆனால் யார் சொல்வதையும் அப்படியே நம்பமாட்டாள். முட்டிவலி என்றால் முதலில் காலணியின் தேய்மானத்தைப் பார்ப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டியவள், எத்தனை பொய் வயிற்றுவலியைப் பார்த்திருப்பாள்!

இந்த வருடம் அவள் மகள் தூவா ஓடுகிறாள். முதல் மூன்று பேருக்குள் வந்தால் நார்வே அணியில் இடம். வழுக்கி ஓடுவதற்காகச் சறுக்கு மட்டைக்கடியில் தூவாவின் சங்கத்தார் தடவும் மெழுகின் கலவையை வேற்று அணிக்காரர் யாரோ வேவு பார்ப்பதாக ஒரு வாரமாகப் பேச்சு. குட்வெய்க்குக்குத் தூக்கம் போயிற்று.

பந்தயத்தன்று காலை, முதுகில் நீளமான பையோடு ஒருவன் வந்து நின்றான். பெயர் சிக்ஸ்டன் என்றான். பேச்சிலேயே ஸ்வீடன் வாடை.

"பந்தயப் பாதையில கரடி வளைவுக்குப் போகணும். கூட்டமில்லாத வழியாப் பாத்துக் குடுங்க. பொண்ணுங்க வர்றதுக்குள்ள அங்க நிக்கணும்."

அப்படிப்பட்ட வழி மெழுகு தடவும் குடிசைகளின் பின்பக்கமாகத்தான் போகிறது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது அந்த ஊரில் அநாகரிகம். மனதுக்குள் திருடன் என்று தீர்ப்பு எழுதலாம், வாய்விட்டுக் கேட்கத்தான் கூடாது. குட்வெய்க் சிரித்த முகத்தோடு சதுப்பைச் சுற்றி ஒரு பாதை வரைந்தாள்.

"கொஞ்சம் சுத்து மாதிரி தெரியுதே?"

"இந்தக் காடு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"அதுவும் சரிதான். நீங்க வரைஞ்சா தப்பாதுன்னாங்க."

அவன் போனதும் அவளே குறுக்கே நடந்து கரடி வளைவுக்கு வந்துவிட்டாள். ஸ்வீடன்காரனைக் காணோம். ஒழிந்தான் என்று நிம்மதியாகக் காப்பியை ஊற்றிக் குடித்தாள்.

தூவா இரண்டாவதாக வளைவுக்குள் வந்தாள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் பின்னால் வந்தவளின் மட்டை ஏறி, தூவாவின் ஊன்றுகோல்களில் ஒன்று இரண்டாக முறிந்தது.

"கோல்! சிக்ஸ்டன், கோல் குடு! எங்க இருக்க?" என்று கத்தினாள் தூவா.

குட்வெய்க்கின் கையிலிருந்த கோப்பை பனியில் விழுந்தது. மகள் ஒற்றைக் கோலோடு மேட்டில் தத்தளிக்க, ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். ஓடிப்போய்த் தள்ளிவிட முடியுமா? தாயால் நின்று பார்க்கத்தான் முடிந்தது.

தொடைவரை பனி அப்பியபடி சிக்ஸ்டன் மரங்களுக்குள்ளிருந்து ஓடி வந்தான். தோளில் திறந்த பை. உள்ளே தூவாவின் உயரத்துக்கு அளந்த மாற்றுக்கோல்கள். சங்கம் இந்த மாதம்தான் அவனை வேலைக்கு எடுத்திருந்தது.

"போயிட்டாளா?" தலையில் கை வைத்துக்கொண்டான். "போன பந்தயத்துல கூட்டம் மறைச்சு கோல் நீட்ட முடியல. அதான் ஆளில்லாத வழி கேட்டேன். மன்னிச்சிடுங்க குட்வெய்க், நான்தான் எங்கயோ தப்பாத் திரும்பிட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

"நீங்க திரும்பினது சரிதான். வேணும்னே சுத்த விட்டேன். உங்கள வேவுக்காரன்னு நெனச்சுட்டேன்."

கீழே ஒலிபெருக்கி தூவாவின் பெயரைச் சொன்னது. எட்டாவது இடம்.

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்," என்றான் சிக்ஸ்டன், பையை மூடியபடி. "நீங்கதான் சொல்லணும்."