பின் சீட்டை அறுத்த வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரர் ஆக்ஸா பிளேடை எடுத்து எங்கள் வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் வைத்தபோது, கையிலிருந்த டம்ளரை வாசலில் விட்டெறிந்தேன். காபியோடுதான். மனுஷன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. புனே பக்கம் நிக்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னால் சாக்கை விரித்து, அதன் மேல் வண்டியை நிறுத்தி, ஆறு வருடமாக நான் உட்கார்ந்து போன இடத்தைச் சாவகாசமாக அறுத்துக்கொண்டிருந்தார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. வீட்டில் இருந்தது அந்த ஒரே வண்டிதான். நூறு சிசி, டூ ஸ்ட்ரோக், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் யாரிடமோ பழையதாக வாங்கியது. தினமும் காலையில் அதில்தான் என்னைக் கட்கியில் ஃபேக்டரி கேட்டில் இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போசரிக்குப் போவார். அங்கே ஒரு பட்டறையில் கடைசல் பிடிக்கிற டர்னர். சாயங்காலம் மறுபடி கேட்டுக்கு வந்து நிற்பார். அந்தச் சீட்டை அறுத்துவிட்டால் நான் அகுர்டி ஸ்டேஷன் வரை நடந்து, லோக்கலில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். டம்ளரை எறியாமல் என்ன செய்வது?

ஆனால் தப்பு என் மேலும் இருந்தது. அவர் கோயம்புத்தூர்க்காரர். அந்த ஊரில் சிலருக்கு ரேஸ் என்றால் சோறு வேண்டாம். இவரும் அப்படித்தான், ஆனால் கடைசிவரை வேடிக்கை பார்த்தவர்தான், ஓட்டியவர் இல்லை. முப்பத்தைந்து வயதில் ஒருநாள் திடீரென்று என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு ரேஸு புள்ள. ஒரு தடவ அந்தக் கோட்டுல போயி நின்னுட்டன்னா போதும். பொறவு சாகற வரைக்கும் கேக்க மாட்டேன்." கல்யாணமான ஆறு வருடத்தில் தனக்கென்று ஒரு சட்டைகூடக் கேட்டதில்லை. நான் வேறு ஏதோ எரிச்சலில் இருந்தேன். "இன்னாவோ பண்ணுங்க, போங்க" என்றேன். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது கட்கியில். வட ஆர்க்காட்டிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த குடும்பம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு நானும் அங்கேயே சேர்ந்தேன். எக்ஸாமினர். வரிசையில் வரும் உருப்படிகளைக் கேஜ் வைத்துப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வது என் வேலை. எங்கள் ஷாப்பில், அதாவது பிரிவில், ஒரு வழக்கம் உண்டு. யார் கண்ணுக்காவது ஏதாவது தப்பாகப் பட்டால், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி போட வேண்டும். அதற்கு ஹோல்டு என்று பேர். மெஷின் சத்தத்தில் வாயால் கத்தினால் யாருக்கும் கேட்காது. அந்தக் கையைப் பார்த்ததும் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது. முதலில் நிறுத்து, பிறகு கேள். ஃபோர்மேனுக்கும் அதே சட்டம்தான்.

பழக்கதோஷம், இது வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் மறந்துபோய் சாம்பாரில் இரண்டாம் தடவை உப்பு போடப் போனால், நான் சமையலறை வாசலில் நின்று பெருக்கல் குறி போடுவேன். உப்பும் கையுமாகச் சிலை மாதிரி நிற்பார். அவருக்கு அது பெரிய விளையாட்டு.

சரி, வண்டிக்கு வருகிறேன். சீட்டுக்கு முன்பே சேலை கார்டு போயிருந்தது. என் சேலை சக்கரத்தில் சிக்காமல் ஆறு வருடம் காத்த கம்பிச் சட்டம். அதற்குப் பிறகு ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், இரண்டு ஸ்டாண்டு, சாமான் வைக்கும் கேரியர். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் வரிசையாக வைத்தார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர், "ஏம்புள்ள, வந்து பின்னாடி புடிச்சுத் தூக்கிப் பாரு" என்றார். தூக்கினேன். ஒரு கையில் வந்துவிட்டது! நான்கு கிலோ அரிசிப் பையோடு என்னைச் சுமந்த வண்டி, என் ஒரு கையில் எழும்பி நின்றது. எனக்குக் கோபம் மறந்துபோயிற்று. இத்தனை நாளும் நாம் ஓட்டியது வண்டியா, வண்டி மேல் ஏற்றிய சாமானா என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிசயம்தான். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற வழிகளை அவர் அரத்தால் பெரிதாக்கினார். உள்ளே பேப்பரைச் சுருட்டி வைத்து, விரலால் தேய்த்து அச்செடுத்து, கோடு போட்டு, மயிரிழை மயிரிழையாக ராவினார். இரண்டு வாரம் அதே வேலை. முடிந்ததும் டார்ச் அடித்து என்னிடம் காட்டினார். நான் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை, ஒரு மேடு இல்லை. பட்டறையில் நாள் முழுவதும் அடுத்தவனுக்காகக் கடைகிற கை இது. இவ்வளவு வேலை தெரிந்த மனுஷனோடா நான் உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்? "பாஸ்" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது என்று அவருக்குத் தெரியும். அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

சைலன்சர் இன்னொரு அதிசயம். தட்டையான தகட்டை வெட்டிச் சுருட்டிக் கூம்பு கூம்பாகச் செய்தார். பக்கத்து பில்டிங்கில் இருந்த வெல்டர் ஒருவர், மராட்டிக்காரர், இவருக்கு உயிர் சிநேகிதர், அதை ஒட்டிக் கொடுத்தார். நடுவில் தடித்து இரண்டு முனையும் மெலிந்து, மலைப்பாம்பு ஆட்டை விழுங்கின மாதிரி இருந்தது. "வஹினி, இதுலதான் பவர் இருக்கு" என்று என்னிடம் சொல்வார் அந்த வெல்டர். வஹினி என்றால் மராட்டியில் அண்ணி. வெறும் புகை போகிற குழாயில் என்ன பவர் என்று நான் நக்கலடித்தேன்.

என் பங்கும் அதில் உண்டு. கடைசியில் முறுக்கிய ஒவ்வொரு நட்டையும் நான் தொட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மஞ்சள் பெயின்ட் பொட்டு வைத்தேன். பொட்டில்லாத நட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மூன்றை மறுபடி முறுக்க வைத்தேன். வெல்டர் முணுமுணுத்தார், என் வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிக்டியில் வீடு கட்டாத மனைகள் இருந்த பக்கம் கொண்டுபோய் முதல் தடவை ஸ்டார்ட் செய்தார்கள். அம்மாடி! அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. அவர் ரஸ்தாவின் அந்தக் கோடிக்கு மெதுவாகப் போய்த் திரும்பி, பிறகு வந்தார். வந்தார் என்றா சொல்வது? அங்கே இருந்தவர் இங்கே இல்லை, என்னைத் தாண்டிப் போயிருந்தார். என் முந்தானை பறந்து முகத்தில் விழுந்தது. "இது நம்ம வண்டியா?" என்று வெல்டரிடம் இரண்டு தடவை கேட்டேன்.

ரேஸ் சென்னைப் பக்கம். அவரும் வெல்டரும் டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே கிளம்பினார்கள். எனக்கு மூன்று நாள் தள்ளித்தான் லீவு. ரயிலில் ரேஸ் அன்று காலை வந்து சேர்வதாக ஏற்பாடு. டெம்போவை அழைத்துவர அவர் போயிருந்த நேரத்தில் நான் வண்டிக்குப் பூஜை போட்டேன். டேங்குக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் டயரைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்போம், கன்னங்கரேலென்று பளபளக்கும். சின்ன வயதிலிருந்து அப்பாவின் சைக்கிளுக்குச் செய்த வேலை. புது ரேஸ் டயர் இரண்டையும் அப்படியே துடைத்தேன். என்ன அழகு!

ரேஸ் அன்று நான் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வெல்டர் கேட்டுக்கு ஓடி வந்தார். "வஹினி, சௌத்தா! நாலாவது இடம்!" முந்தின நாள் ஓட்டத்தில் எடுத்த நேரத்தை வைத்து இடம் கொடுப்பார்களாம். இருபது பேரில் இவருக்கு நான்காவது. முப்பத்தைந்து வயது டர்னர், பால்காரன் ஓட்டுகிற வண்டியில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தடுப்புச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். எதிரே கோட்டில் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தலையாட்டினார்.

அப்போதுதான் என் பக்கத்தில் ஒரு மெக்கானிக், அடுத்த ரேஸுக்கு நின்ற வண்டியைத் தொட்ட ஒருவனின் கையைத் தட்டிவிட்டான். "டயர்ல கை வைக்காதய்யா! கை எண்ணெய் பட்டாலே முதல் வளைவுல ஆளைப் படுக்க வச்சிரும்!"

 தேங்காய் எண்ணெய். இரண்டு டயரிலும். என் கையால். அடுத்தவர் தப்பைப் பிடித்தே சம்பளம் வாங்குகிறவள் நான். என் கண் முன்னால் முதல் வளைவு இருந்தது. வெல்டர் எங்கோ போயிருந்தார். நான் கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்ப் பெருக்கல் குறி போட்டிருந்தன.

அவர் பார்த்தார். ஒரு நொடிகூட இல்லை. கோளாறு, கிளம்பவில்லை என்று காட்ட இடது கையை உயர்த்திவிட்டார். கொடிக்காரர்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளி ஓரமாகக் கொண்டுவந்தார்கள். அவர் நின்றிருந்த நான்காவது இடம் காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு ஒரே இரைச்சலாகக் கிளம்பிப் போனார்கள்.

"எண்ணெய்ங்க, டயர்ல எண்ணெய் தடவிட்டேன், பூஜைக்கு" என்று அழுதுகொண்டே திக்கித் திணறினேன். ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவர் கண் என்னையே பார்த்தது.  ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து, குனிந்து, இரண்டு டயரையும் அழுத்தித் துடைத்தார். எல்லோரும் போன பிறகு கடைசி ஆளாக அவரை ஓரத்திலிருந்து விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது? சுவருக்கு எதிரே இருந்த வளைவில் அவர் வண்டியைச் சாய்த்தார். சாய்த்தார் என்றால், முழங்கால் தாரில் உரசுகிற மாதிரி. அவ்வளவு சாய்ந்தால் மனுஷன் விழத்தானே வேண்டும்? விழவில்லை. என் மஞ்சள் பொட்டு வைத்த நட்டுகள், அவர் ராவின சிலிண்டர், அந்தத் தகட்டுக் குழாய் எல்லாம் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தி அடுத்த வளைவுக்கு அனுப்பின. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வண்டியையாவது பிடித்தார். எட்டுச் சுற்று. நான் வாயைப் பிளந்தபடி, கையைக் கூப்பியபடி நின்றிருந்தேன். பதினொன்றாவதாக முடித்தார். இறங்கியதும் குழந்தை மாதிரி சிரித்தார். திரும்பும் வழியெல்லாம் வளைவுகளைப் பற்றியே பேசினார். எண்ணெய்ப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கும் எடுக்கத் தைரியம் இல்லை.

நிக்டிக்கு வந்த மறுநாள் அவர் டூல்ஸ் பெட்டியை நான் துடைத்து அடுக்கினேன். ஓரத்தில் அன்று துடைத்த துணி கிடந்தது. பெட்ரோல் வாசம், கொஞ்சம் மண். எடுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. அடியில் இன்னொரு துணி, சுருட்டித் திணித்து வைத்தது. பிரித்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. தேங்காய் எண்ணெய் மணந்தது.

"இது எப்பங்க தொடச்சது?"

வண்டியருகில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து நெளிந்தார். "டெம்போவுல இருந்து எறக்கறப்பவே வாசம் புடிச்சுட்டனே. ரெண்டு நாளு அந்த டயர்லதான ஓட்டிப் பழகுனேன்."

இரண்டு நாள் ஓட்டியிருப்பார் என்பதுகூட அந்தப் பயத்தில் எனக்குத் தோன்றவில்லை. "அப்போ அங்க மறுபடி எதுக்குத் தொடச்சீங்க?"

"நீ அழுதுட்டு நின்னீல்ல. சுத்தி ஆளுக வேற."

துணியைத் தூக்கிக் காட்டினேன். "டயர் சுத்தமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். நாலாவது இடம்! உசுரா ஆசைப்பட்டது. என் கையைப் பாத்துட்டு எதுக்குங்க நின்னீங்க?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எண்ணெய்க்குத்தான் கையத் தூக்கறேன்னு எனக்கெப்புடித் தெரியும்? நீ தூக்குன, நான் நின்னேன். பொறவுதான கேக்கோணும்?"

நான் அந்தத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். முகமெல்லாம் கரி.