விதர்கோம் வீட்டு வாசலில் நான் சொன்ன ‘யெஸ்’

பேய்க்கதை தொடங்கினால் எழுந்துபோகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன், ஆனால் இது நடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேல் பகுதியில் ஒரு கிழட்டு வெள்ளைக்காரரின் வீட்டு பேஸ்மென்டில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாடகைக்கு இருந்தேன். அவருடைய குடும்பப் பெயர் விதர்கோம். அந்தப் பெயரில் மிஞ்சியிருப்பது தான் ஒருவர்தான் என்பார். இங்கிலாந்தில் அதே பெயரில் ஒரு பள்ளத்தாக்குக் கிராமம் இருந்ததாம், ஒரு மாரியில் வெள்ளம் எல்லாரையும் ஊரோடு அள்ளிக்கொண்டு போனதாம், அன்று வெளியூர் போயிருந்த சிலர்தான் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்களாம்.

“வெள்ளத்தில் போனவர்கள் இன்னும் எங்களைத் தேடுகிறார்கள். வாசலில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாங்கள் பதில் சொல்வதில்லை” என்றார்.

“எங்கட ஆக்களெண்டா கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி குடுத்திருப்பம், சேர்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இங்கு வந்ததும் அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயரானது. ஃபாக்டரியில் “கந்தையா” என்று கத்தினால், செத்துப்போன அப்பாவுக்காக நான் “யெஸ்” என்று ஓடுவேன். யாருடைய பெயருக்கும் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

ஒரு தை மாதப் பின்னேரம், அதற்குள் இருட்டிவிட்டது. காய்ச்சலில் கிடந்த கிழவருக்கு சூப் கொண்டு மேலே போனேன். வாசலில் “விதர்கோம்” என்று ஒரு குரல். வாய் தானாக “யெஸ்” என்றது. கதவைத் திறந்தால் ஒருவரும் இல்லை. அந்தக் கொடுங்குளிரிலும் படியில் உறையாத சேற்றுத் தண்ணீர்.

“பதில் சொன்னது யார்?” கிழவர் பின்னால் நின்றார்.

“நான்தான், சேர்.”

“இனி உன் வீட்டைத்தான் தேடுவார்கள்” என்று சொல்லி அழுதார். எனக்காக அழுதாரா, தான் தப்பியதற்கா, தெரியாது.

அந்தக் கிழமையே நகரத்தின் மறுகோடியில் உள்ள வோபர்னுக்கு வீடு மாறினோம். குரலும் வந்தது. ஒவ்வொரு மாரிக் குளிரிலும் வாசலில் “தவராசா” என்று என் பெயரைக் கூப்பிடும். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன். “பக்கத்து வீட்டுக்காரர் ஆரையோ கூப்பிடினம், நீங்கள் சும்மா இருங்கோ” என்பாள் மனைவி.

ஆனால் இந்த நாட்டு வழக்கப்படி என் பெயர்தானே மகனுக்குக் குடும்பப் பெயர். பள்ளிக்கூடத்தில் அவனை “தவராசா” என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் முதலாம் வகுப்பில் சேர்ந்த வருசம், ஒரு பின்னேரம் வாசல் பக்கம் அவனுடைய “யெஸ்” கேட்டது. விழுந்தடித்து ஓடினேன். கதவு பூட்டியபடியே இருந்தது.

“அப்பா, டோர்ல யாரோ என்னைக் கூப்பிட்டவை” என்றான்.

பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை, வளர்ந்தும் விட்டான். ஆனால் நிரோஷன் என்று அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால், அது யார் என்று யோசிப்பவன் போலக் கொஞ்சம் பொறுத்துத்தான் இன்றைக்கும் திரும்புகிறான்.