கான்கிரீட் மிதந்த வாரம்

வீட்டுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று அம்மா கேட்கத் தொடங்கியபோது நான் பிறந்திருக்கவே இல்லை. கட்டபெட்டுக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து பத்துப் படி இறங்கினால் எங்கள் வீடு. சுற்றிலும் எங்களுடைய கொஞ்சத் தேயிலை. விலை நன்றாக இருந்த வருடங்களில் எல்லாம் அப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பச்சைத் தேயிலை விலை சரிந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஊரே இலையைச் செடியில் விட்டுவைத்த வருடத்தில்தான், கக்கூஸுக்குத் தொட்டி வாங்கிவிட்டேன் என்று வந்து நின்றார். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்கு யோசனை கொஞ்சம் மட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அதுவரை எங்கள் ஏற்பாடு இதுதான். விடிகிற நேரத்தில் அம்மாவும் நானும் ஓடைப் பக்கம் போவோம். அப்பா டார்ச்சோடு கூடவே வந்து, பாதையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, விடாமல் இருமுவார். சளியெல்லாம் இல்லை. செடிக்குள் படுத்திருக்கும் காட்டெருமைக்கு ஆள் இருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். காட்டெருமைக்குத் தெரிந்ததோ இல்லையோ, என் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. பள்ளியில் யார் இருமினாலும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தொட்டி வருகிறது என்றதும் எனக்கு வந்த சந்தோஷம், அந்த இருமல் ஒழிந்தது என்பதுதான்.

அது ஏதோ ஒரு எஸ்டேட், தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கென்று சொல்லிவைத்து, தேயிலை விலை விழுந்ததும் எடுக்காமல் விட்ட தொட்டி. சிறிய அறை அளவுக்கு ஒரே வார்ப்பில் செய்த கான்கிரீட் பெட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தது. அதற்குள் அப்பா ரோட்டுக்கு நேர் கீழே குழியும் வெட்டி, பக்கத்தில் தகரக் கதவு வைத்த சின்ன அறையும் கட்டி முடித்திருந்தார்.

இறக்க ஒரு பொக்லைன் வந்தது. கூடவே என் மாமாவும் வந்தார். மாமா அம்மாவின் தம்பி, தேயிலை பாக்டரியில் பிட்டர். பாக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியதால், ஓடாத நாளெல்லாம் எங்களுக்கு யோசனை சொல்ல வந்துவிடுவார். அப்பா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"என்ன பண்ணுவீங்களோ மாப்ள, திங்கக்கெழமைக்குள்ள முடிஞ்சாகோணும்."

ஏன் திங்கள் என்று நான் கேட்கவில்லை.

தொட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டார்கள். நாலு மூலைக் கொக்கியிலும் சங்கிலி மாட்டி, பொக்லைன் அதைத் தூக்கியது. மாமா ஒரு பக்கம் கை காட்டினார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நாலு பக்கம் காட்டினார்கள். சேலத்துக்கார ஆபரேட்டர், யாராவது ஒருத்தர் மட்டும் காட்டுங்க என்று எஞ்சினையே நிறுத்திவிட்டார். பிறகு அப்பா மட்டும் காட்ட, தொட்டி மெதுவாக இறங்கியது. வழியில் கொடிக்கயிற்றைத் தட்டி, என் பள்ளிக்கூடப் பாவாடையை மாலைக்கு மேல் அணிந்துகொண்டு குழிக்குள் போனது.

கிளம்பும்போது ஆபரேட்டர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காலியா விட்றாதீங்கண்ணா. மழ வந்தா தொட்டியத் தூக்கிரும். இன்னைக்கே தண்ணி உட்டு ரொப்பிருங்க."

தலையாட்டிய மாமா, வண்டி வளைவு திரும்பியதும் காலண்டரை எடுத்தார். மாலை போட்ட தொட்டிக்கு முதல் தண்ணீரை ராகு காலத்திலும் எமகண்டத்திலும் விட முடியுமா? "வெள்ளிக்கெழம காத்தால நல்ல நேரம் வருதுங்க. அக்கா கையால மொதக் கொடம் ஊத்தட்டும்" என்றார். அம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது. உள்ளே போகப்போவது என்ன என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஐப்பசி மழையில் கான்கிரீட்டும் மிதக்கும் என்பதை வியாழன் காலையில் நாங்கள் பார்த்தோம். குழி நிறையத் தண்ணீர். அதன் மேல் தொட்டி, மாலையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆடிக்கொண்டிருந்தது. ஊரே ரோட்டில் வரிசையாக நின்றது. "ஏனுங்க, தோணி எப்பக் கெளம்புது?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டதற்கு நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. அதிர்ந்து பேசாத அப்பா, மாமாவின் காலண்டரைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசினார். பிறகு பொக்லைனைத் தேடி நடந்தார். அது கோத்தகிரிப் பக்கம் மண்சரிவு அள்ளப் போயிருந்தது. மூன்று நாள் அதன் பின்னாலேயே அலைந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையோடு கூட்டிவந்தார். அதற்குள் மாமா, செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, குழித் தண்ணீரை வாளி வாளியாக இறைத்து முடித்திருந்தார்.

தொட்டியைத் தூக்கி, மணல் பரப்பி, மறுபடி இறக்கியபோது மணி ஐந்து. சுத்தமான ராகு காலம். அந்த நேரத்தில் வாசல்படி தாண்டாத அம்மா, அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமல் முதல் குடத்தைத் தூக்கி ஊற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் கேட்டது கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து விட்டு நிரப்பினார்கள். சுற்றிலும் மண் தள்ளி, பைப் பூட்டி முடிக்க இருட்டிவிட்டது.

திங்கள் காலை நான்தான் முதல் ஆள். தகரக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வெளியே, பழக்கதோஷத்தில், அதே இருமல் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் அப்பா, எங்கோ கிளம்புகிற மாதிரி வெள்ளைச் சட்டையோடு, டார்ச்சை வைத்துக்கொண்டு நின்றார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர முதல் பஸ்ஸுக்கு நின்றார் என்பது, பையை அம்மா எடுத்து வந்தபோதுதான் தெரிந்தது. பிறகு பொங்கலுக்குத்தான் வந்தார். அதன் பிறகும் பொங்கலுக்குப் பொங்கல்தான்.

பாதையில் நிற்க இனி ஆள் இல்லை என்று தெரிந்ததால்தான், கையில் எதுவும் இல்லாத வருடத்தில் அவர் அந்தக் கதவை வைத்தார். அது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அன்று காலை எனக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான் பெரிதாக இருந்தது. இருமிக்கொண்டு நின்றவரைப் பார்த்து, பெரிய மனுஷிபோல் இடுப்பில் கை வைத்து, "இனிமே நீங்க வர வேண்டாம்ப்பா" என்று சொல்லி அனுப்பியது நான்தான்.