எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால ஒரு பட்டன்

எங்க கம்பெனியில மொத்தமே ரெண்டு பேரு. வெப்சைட் செய்யுதது மாரீஸ்வரி. கஸ்டமருக்குத் தலையாட்டுதது நான், செல்வம். ஆபீசு தாராவியில, பூலோகம் அண்ணாச்சி லெதர் பை கடைக்கு மேல உள்ள பத்துக்குப் பத்து ரூம்பு; பம்பாயில அதுக்குக் கோலின்னு பேரு. கோலி அண்ணாச்சியோடது. அதனால அண்ணாச்சி என்ன சொன்னாலும் எனக்கு நல்ல ஐடியாவாத்தான் தெரியும்.

மாரீஸ்வரிக்கு அந்தச் சீக்கு கிடையாது. அவ ஒரு பட்டன் வைக்கதுக்குள்ள நான் ரெண்டு கட்டிங் சாய் குடிச்சிருவேன். எழுத்து பளிச்சுன்னு தெரியணுமாம். மவுஸ் இல்லாமலும் வேலை செய்யணுமாம். ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி, 'பழுப்பு நிற ஆபீஸ் பை, ரெண்டு ஜிப்'னு எழுதி வைப்பா. கண்ணு தெரியாதவங்களுக்கு அவங்க போன் அதை வாசிச்சுச் சொல்லுமாம்.

"ஏ மகராசி, கண்ணு தெரியாதவங்க எத்தனை பேரு பை வாங்கப் போறாங்க?"ன்னு கேட்டேன்.

"ஏன், அவங்க சாமானைக் கையிலயே தூக்கிட்டு அலையணுமோ?"ன்னா.

அண்ணாச்சிக்கு நாங்க செஞ்ச சைட்டு முடிஞ்சுது. வந்து பார்த்தாரு. "எல்லாம் சரி. திருஷ்டிக்கு என்ன இருக்கு?"ன்னாரு. கடை வாசல்ல தொங்குத மாதிரியே எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் சைட்டுலயும் தொங்கணுமாம். நட்டநடுவுல, பெருசா, ஆடிக்கிட்டே.

"போன்ல ஆர்டர் பட்டனை மறைக்கும் அண்ணாச்சி. அமுக்கினா விரல் பழத்துலதான் படும்"னா மாரீஸ்வரி.

"எலுமிச்சம்பழத்தால எவன் தந்தாவும், எவன் யாவாரமும் படுத்தது கிடையாது. ஒரு மாசத்துல ஒரு ஆர்டராவது வரணும், இல்லேன்னா கோலியைக் காலி பண்ணுங்க"ன்னுட்டு இறங்கிட்டாரு. அடேயப்பா, என்ன ஒரு நியாயம்! நான் வழக்கம்போல தலையாட்டினேன். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பழத்தைத் தொங்கவிட்டா. ஒண்ணு மட்டும் செஞ்சா. இது வெறும் அலங்காரம், இதை வாசிக்காதேன்னு போனுக்குச் சொல்லி வச்சா.

இருபத்தெட்டு நாள் ஒரு ஆர்டர் இல்ல. பழம் மட்டும் ஜோரா ஆடிச்சு. நான் சுனாபட்டியில வேற கோலி தேட ஆரம்பிச்சேன். மாரீஸ்வரி கம்ப்யூட்டர் வயரையெல்லாம் சுத்தி அட்டைப்பெட்டியில போட்டா.

மறுநாள் நாப்பது பைக்கு ஆர்டர் வந்துச்சு. ஐரோலியில ஏதோ ஆபீசு, சாய்நாத்னு பேரு, நம்ம தமிழ்க்காரர்தான். அண்ணாச்சி மேல ஓடி வந்து, எங்க முன்னாலயே அவருக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு, "நம்ம எலுமிச்சம்பழம் எப்படி சார்?"னு கேட்டாரு.

"எந்த எலுமிச்சம்பழம்? எனக்குக் கண்ணு தெரியாது சார். பழுப்பு நிற ஆபீஸ் பை, ரெண்டு ஜிப், ஆர்டர் பட்டன்னு போன் வாசிச்சுது. ஸ்க்ரீன்ல எங்க தட்டினாலும் வாசிச்ச பட்டன்தான் அமுங்கும்; ரெண்டு தட்டு தட்டினேன், முடிஞ்சுது."

அண்ணாச்சி தன் போன்ல சைட்டைத் திறந்து பட்டன் இருக்க இடத்தை அமுக்கினாரு. பழம் ஆடிச்சு. அழுத்தி அமுக்கினாரு. மிளகாயும் சேர்ந்து ஆடிச்சு. ஒரு மாசமா கண்ணுள்ள எவனும் போன்ல எங்க சைட்டுல பை வாங்கியிருக்க முடியாது.

"பழத்தை ஓரமாத் தள்ளிரும்மா. ஜோசியர் அப்பமே ஓரத்துலதான் சொன்னாரு"ன்னுட்டு, எங்க மூஞ்சியைப் பார்க்காம இறங்கிப் போனாரு.

மாரீஸ்வரி பெட்டியில இருந்து வயரை எடுத்து ஒவ்வொண்ணா மாட்டினா. எத்தனை பேருன்னு அன்னைக்கு நான் கேட்டேன்லா? ஒருத்தர். அந்த ஒருத்தராலதான் நான் இன்னைக்கும் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். வெக்கமாத்தான் இருக்கு.