ஷர்லியின் காலண்டர்

ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் ஷர்லிக்கு முகம் சுருங்கிவிடும். வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருவாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம், செல்போன் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடம், பல் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இணையதளம் செய்து கொடுக்கிறோம்.

அவள் வருவதற்கு முன்பு ஒவ்வொரு தளத்தையும் முதலிலிருந்து எழுதுவோம். பட்டன் நிறத்தை மாற்றவேண்டும் என்றால்கூட ஒவ்வொரு தளமாகப் போய் மாற்றவேண்டும். வந்த வேகத்தில் ஒரு காம்பொனன்ட் லைப்ரரி செய்தாள். பட்டன், படிவம், காலண்டர் எல்லாம் ஒரு தடவை செய்து வைத்தது. எந்தத் தளத்திலும் எடுத்துப் பொருத்தலாம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லாத் தளத்திலும் மாறிவிடும்.

"எதுக்குண்ணே எழுதுனதையே எழுதிக்கிட்டு கெடக்குறீங்க?" என்று என்னைக் கேட்டாள். வருஷக்கணக்காக அப்படிக் கிடந்தவன் நான். எரிச்சலாகத்தான் இருந்தது.

காலண்டரைப் பல் ஆஸ்பத்திரிக்காகத்தான் முதலில் செய்தாள். ஒரு தேதியைத் தொட்டால் வேறு யாரும் பிடிக்க முடியாதபடி அந்த நாள் மூடிக்கொள்ளும். அதையே எங்களிடம் தளம் வைத்திருந்த மூன்று கல்யாண மண்டபங்களுக்கும் பொருத்தினாள். அரிமளம் மண்டபத்து மேனேஜர் வெள்ளைச்சாமி அதை நம்பி, டைரி எழுதுவதையே விட்டுவிட்டார்.

பிறகு அவளுக்கே கல்யாணம் கூடியது. புதன்கிழமை காலை மாதா கோயிலில் திருமணம், சாயங்காலம் அரிமளத்தில் வரவேற்பு. தன் காலண்டரிலேயே தேதியைத் தொட்டு மண்டபம் பிடித்தாள். எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். பத்திரிகையும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணம் நெருங்கியபோது வெள்ளைச்சாமி போன் செய்தார். "பாப்பா, வியாழக்கெழமை முகூர்த்தம் ஒண்ணு இருக்குல்ல, அழகின்னு ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். அவுக புதன் சாயங்காலமே பொண்ணோட வந்துருவாகளாம். அன்னைக்கித்தானே ஒனக்கும்?"

எங்கள் பக்கத்து இந்துக் கல்யாணத்தில் வியாழன் முகூர்த்தம் என்றால் புதன் பிற்பகலே மண்டபம் கைக்கு வந்துவிட வேண்டும். ஷர்லி வீட்டு வழக்கம் வேறு. காலையில் கோயில், சாயங்காலம் மண்டபம், எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். அவள் தன் வீட்டு வழக்கத்தை வைத்துக் காலண்டர் செய்துவிட்டாள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரியே போய் இலை போட்டு உட்காருகிற எனக்கும் உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"நீதான் மொதல்ல புக் பண்ணிருக்க. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் வெள்ளைச்சாமி. "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று போனை வைத்தாள்.

உட்கார்ந்து காலண்டரைத் திருத்தினாள். முகூர்த்தம் என்று போட்டால் முந்தின நாள் பிற்பகலும் சேர்ந்து மூடும்படி செய்தாள். மூன்று மண்டபத் தளங்களும் ஒன்றாக மாறின. மாறியதும் அரிமளத்தோடு இன்னொரு மண்டபத்திலும், தேதி மோதுகிறது என்று சிவப்பு விழுந்தது. அங்கேயும் ஒரு வரவேற்பு, மறுநாள் ஒரு முகூர்த்தம். யாரோ முகம் தெரியாத இரண்டு குடும்பங்கள்.

முதலில் வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டாள். "முகூர்த்தத்த மாத்த முடியாதுண்ணே. அவங்களே நடத்தட்டும். நாங்க கோயில் வளாகத்துலயே மதியச் சாப்பாடா வச்சுக்கிறோம்."

அவள் அம்மா இன்னாசியம்மாளிடம் சொன்னபோது போனிலிருந்து வந்த சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. "ஊருக்கெல்லாம் மண்டபம் புடிச்சுக் குடுக்குறவ நீ. ஒனக்கு ஒரு சாயங்காலம் இல்லாமப் போச்சா?" ஷர்லி அழுதாள். எனக்கும் பொறுக்கவில்லை. "அந்த இன்னொரு வீட்டுக்கு நான் பேசுறேன்மா" என்றேன்.

"வேணாம்ண்ணே. நான் பண்ணது, நானே பேசுறேன்."

அந்த இன்னொரு மண்டபத்தில் வரவேற்பு வைத்திருந்த வீட்டுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பெண்ணின் அப்பா கத்தினார். "பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டு வந்து உக்காந்துருக்கோம். இப்ப வந்து எடமில்லங்குற. இது எப்பிடி இருக்கும்னு ஒனக்கு என்னம்மா தெரியும்?"

ஷர்லி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்ங்கய்யா. எனக்கும் வர்ற புதன்கெழமைதான் கல்யாணம்."