கயிறு சுற்றிய கதவு

1. பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட், தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடிக்க முடிவு செய்தது. புதுவீடு கிடைக்காத நான்கு குடும்பங்கள் மட்டும் அது கிடைக்கும்வரை அங்கேயே இருக்கலாம் என்றது.
2. பழைய கதவு, ஜன்னல்களை வைத்து வீடுகளை அலங்கரிக்கும் குன்னூர் நிறுவனம் ஒன்று லயத்துக் கதவு, ஜன்னல்களை வாங்கியது. நான் அந்த நிறுவனத்தில் சிவில் இன்ஜினீயர்.
3. கழற்ற வேண்டியவற்றின் பட்டியலை நான் தயாரித்தேன். அளவு, மரம், பெயிண்ட் எல்லாம் எழுதினேன். வீட்டு எண்களை எழுதவில்லை. தலைப்பில் "ஆளில்லாத வீடுகளில் மட்டும்" என்று போட்டேன்.
4. கழற்றப் போனவர்கள், பூட்டு இல்லாத வீடெல்லாம் ஆளில்லாத வீடு என்று எடுத்துக்கொண்டார்கள்.
5. அதில் ஒன்று என் அத்தையின் வீடு. அத்தை அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.
6. அந்தக் கதவு இப்போது ஒரு சாப்பாட்டு மேசை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை நான் அந்தக் கதவுக்கு உள்ளேதான் வளர்ந்தேன். குடும்பம் இலங்கையிலிருந்து கப்பலேறியபோது அத்தை கைக்குழந்தை. எஸ்டேட் அடித்த பச்சைக்கு மேல் அவர் பொங்கலுக்குப் பொங்கல் நீலம் அடிப்பார். யார் வீட்டு டப்பாவில் என்ன மிச்சமோ, அந்த வருடத்துக்கு அந்த நீலம். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு துளை, அதன் வழியே ஒரு கயிறு. வேலைக்குக் கிளம்பும்போது கயிற்றை வெளியே இழுத்து, நிலைச்சட்டத்தில் அடித்த ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றுவார். கயிறு சுற்றியிருந்தால் ஆள் மலைக்குப் போயிருக்கிறது, அந்திக்கு வந்துவிடும். பூட்டுத் தொங்கினால்தான் ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருமுறை நான் ஆசையாக ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். "யாரு செத்துப்போனா, எந்த ஊருக்குப் போறேன்னு நாலு பேரு கேட்டுட்டாளுக. கழட்டுடி அத" என்று திட்டினார்.

லயத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கு அத்தனை நன்றாகத் தெரிந்ததாலேயே பட்டியலில் எழுதத் தோன்றவில்லை. என் கோபத்தில் முதல் பங்கு எனக்குத்தான்.

அன்று மாலை அத்தை போன் செய்தார். "ஏ புள்ள, கதவக் காணோம்டி. சட்டி பானை, அரிசி எல்லாம் அப்புடியே கெடக்கு. கதவ மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான், கிறுக்குப் பய" என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. முந்தின வாரம்தான் அடுத்த லயத்தில் யானை சுவரை இடித்து அரிசி மூட்டையை இழுத்திருந்தது. "அரிசிய எதுத்த வீட்டுல குடுத்துட்டேன். நானும் அங்கதான் படுக்கணும்." கழற்றியது எங்கள் நிறுவனத்து ஆட்கள், பட்டியல் போட்டது நான் என்று சொன்னேன்.  அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்: "கயித்தப் பாத்துமா கழட்டுனானுங்க?"

மறுநாளே முதலாளியிடம் கதவைத் திருப்பிக் கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர், யாரிடமும் மரியாதை குறையாமல் பேசுவார். "ஏனுங்க இன்ஜினீயர், ஒரு கதவுக்கா இத்தன கோவம்? அந்தம்மாவுக்கு இரும்புக் கதவே போட்டுக் குடுத்தரலாமுங்க. இது கஸ்டமருக்குன்னு முடிவாயிருச்சு. இந்த மாதிரி உரிஞ்ச பெயிண்ட்டு வேற எங்கீங்க கெடைக்கும்?" அவர் பெயிண்ட் என்று சொன்னது அத்தையின் முப்பது பொங்கல்களை. இரும்புக் கதவு வருவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் அத்தை வாசலில் தார்ப்பாய் தொங்கியது.

குன்னூரிலேயே இருந்த கஸ்டமர் வீட்டுக்கு நானே போனேன். மேசைக்கு மேல் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதற்கு அடியில் ஆயுத பூஜைக்கு அத்தை வைத்த குங்குமம் அப்படியே தெரிந்தது. கயிற்றுத் துளையைத் நிறமில்லாத பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். "கேட்பாரில்லாம கெடந்துச்சாம். நாங்க ஒரு புள்ளிகூட மாத்தல" என்று அந்த வீட்டு அம்மா பெருமையாகச் சொன்னார். கேட்பதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன். முழுவதையும் சொன்னேன். "அடப் பாவமே" என்றார். பிறகு, சூட்டில் கண்ணாடியில் வட்டம் விழும் என்று என் டீ டம்ளருக்கு அடியில் ஒரு சின்னத் துணியை நகர்த்தி வைத்தார்.

டீயை அந்தத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்போது நிலைமை இது. இரும்புக் கதவில் துளை இல்லை. அத்தை அதன் கைப்பிடியில் கயிறு கட்டி, பழைய ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வேலைக்குப் போகிறார். கதவோடு கொடுத்த பூட்டு உறை பிரிக்காமல் கிடக்கிறது. நான் வேலையை விட்டுவிட்டேன். காவல் நிலையத்தில் அத்தை கையெழுத்திட்ட புகார் ஒன்று இருக்கிறது, எழுதியது நான். கதவு போனதற்குப் பொறுப்பானவர்கள் என்று முதலாளி, கழற்றிய இருவர், நான் என நான்கு பெயர்கள், வரிசை எண்ணோடு. முதல் பெயர் என்னுடையது. "ஒம் பேர வெட்டுடி" என்றார் அத்தை. வெட்டவில்லை. கதவு குன்னூரில்தான் இருக்கிறது.